சுலைகா அக்காவின் பூனைக்கஞ்சி

பட்டுக்கோட்டை மீன் அங்காடிக்கு வெளியே ஐஸ் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த லாரிக்காரர்தான் எனக்கு அந்தச் செய்தியைச் சொன்னார். அவருக்கு அது செய்தியே அல்ல. வண்டி தாமதமானதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். "கோட்டைப்பட்டினத்துல ஒரு மையத்து எடுத்தாங்க. ரோடு பூராம் கூட்டம், வண்டிய ஒதுக்கி நிறுத்திட்டேன். தையல்காரம்மா ஒண்ணு, பூனைக்கஞ்சியம்மான்னு சொல்லுவாங்களே, அவுங்கதான்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்தார்கள். வாங்க வந்ததை வாங்காமல் நான் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன்.

சுலைகா பீவியை அறிந்த கோட்டைப்பட்டினத்து மக்களுக்காகவே இதை எழுதுகிறேன். அந்தப் பட்டப்பெயர் எப்படி வந்தது என்று உங்கள் எல்லோருக்கும் ஒரு கதை தெரியும். அந்தக் கதையில் பாதிதான் உங்களுக்குச் சொல்லப்பட்டது. மறுபாதி அப்போது அவர் வீட்டுப் பரண்மேல் கிடந்தது. அது நான்தான்.

சுதந்திரம் வந்த புதிது. காவிரிப் பாசனப் பக்கத்தில் குத்தகை விவசாயிகளுக்காக நாங்கள் நடத்திவந்த சங்கத்தைத் தடைசெய்திருந்தார்கள். கையில் கிடைத்தவர்களை அடித்து இழுத்துப் போனார்கள். நான் அகப்படாமல் தெற்கே நடந்தேன். உப்பளங்களின் ஓரமாகவே நடந்ததில், குடித்த தண்ணீர் எல்லாம் கெட்ட தண்ணீர். கோட்டைப்பட்டினத்துக்கு வந்து சேர்ந்தபோது சீதபேதி கண்டு, நிற்கவே சுவர் வேண்டியிருந்தது. எங்கள் கூட்டங்களுக்கு வந்து பழகியிருந்த காதர் அங்கே படகில் வேலை செய்துவந்தான். விடிந்தும் விடியாத நேரத்தில் அவன் என்னைத் தன் அக்காவின் வீட்டுக் கொல்லைவழியாகக் கூட்டிப் போனான்.

"லாத்தா, ரெண்டு நாளைக்குத்தான். படகு பேசிட்டு வந்துர்றேன். இவருக்கு வயித்தால போகுது" என்றான்.

அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அடுப்புப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே பழைய துணியின்மேல் ஒரு சாம்பல்நிறப் பூனைக்குட்டி சுருண்டு கிடந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது. தாய் செத்துக் கிடந்ததென்று, மீன் இறக்கும் கரையிலிருந்து காதர்தான் அதையும் தூக்கி வந்திருந்தான்.

"போன வாரம் இதைக் கொண்டாந்து போட்ட. எதைக் குடுத்தாலும் கக்குது, இல்லாட்டிப் பேதியாவுது. இப்ப இவரு. நல்ல வயித்தோட ஒண்ணுகூட ஒனக்கு அகப்படாதாடா?" என்றார்.

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் நான் சிரித்தது அப்போது மட்டும்தான்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவர் ரங்கூனுக்குப் போனவர். யுத்தம் வந்தது, அவர் திரும்பவில்லை. பிள்ளைகள் இல்லை. முன்னறையில் தையல் மிஷினைப் போட்டு, பெண்களுக்கு ரவிக்கையும் பிள்ளைகளுக்குச் சட்டையும் தைத்துப் பிழைத்தார். பகல் முழுக்க யாராவது பெண்கள் வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். அடுக்களைக்கு மேலே இருந்த பரணில், பழைய வலைகளுக்கும் விறகுக்கும் பின்னால், நான் கிடந்தேன். தனியாக வாழும் ஒரு முஸ்லிம் பெண்ணின் வீட்டில் முகம் தெரியாத ஆண். போலீஸ் என்னைப் பிடித்தால் எனக்கு அடியும் சிறையும். ஊர் என்னைப் பார்த்துவிட்டால் அவருக்கு என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

மறுநாளே காதர் மீமிசலில் பிடிபட்டான். துணி கொடுக்க வந்த ஒரு பெண் முன்னறையில் அதைச் சொன்னாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் ஒரு நொடி நின்றது, பிறகு மறுபடி ஓடியது. எல்லோரும் போனபின் அக்கா ஏணியடியில் வந்து நின்றார்.

"நான் போயிடுறேன் அக்கா" என்றேன்.

"நடக்க முடியுமா?"

"முடியாது."

"பெறகு என்ன பேச்சு? படுங்க."

ஆனால் படுத்துக்கிடந்தால் மட்டும் பிழைப்பேனா என்பது சந்தேகமாக இருந்தது. அவர் கொடுத்த சோறும் ரசமும் என்னிடம் தங்கவில்லை. வைத்தியரிடம் போய் யாருக்கு நோய் என்று சொல்வது? ரேஷன் அட்டையில் ஒரே பெயர். அரிசி கிடைக்காத காலம் அது. அன்று பிற்பகலில், முன்னறையில் பெண்கள் நிறைந்திருந்தபோது, அக்கா உரத்த குரலில் சொல்வது கேட்டது:

"இந்தப் பூனைக்குட்டிக்கு வயிறே சரியில்லடி. பால் ஒத்துக்கல, மீன் ஒத்துக்கல. செலவில்லாம, வயித்துக்குப் பதமா, என்ன குடுக்கலாம்? யாருக்காச்சும் தெரிஞ்சாச் சொல்லுங்க."

பெண்கள் தமக்குள் பேசுவதைக் கேட்கலாகாது என்று நான் காதுகளைப் பொத்திக்கொள்வது வழக்கம். பூனைக்குட்டி என்ற சொல் விழுந்ததும் கையை எடுத்துவிட்டேன்.

எத்தனை யோசனைகள்! பக்கத்து வீட்டு மரியம் மாமி, "மாட்டுப்பால் ஆகாதுடி. ஆட்டுப்பால் வாங்கி, சரிக்குச் சரி தண்ணி விட்டுக் காய்ச்சு" என்றார். மேற்கேயிருந்து வந்த ஒரு குடியானவப் பெண், மோரை நன்றாக நீர்க்க விடச் சொன்னாள். வாசலில் கூடையை இறக்கிவைத்திருந்த மீன்காரச் செல்லம்மாள் எல்லோரையும் அடக்கினாள். "மத்தி குடுத்தீகளா? அதான் கக்குது. அது எண்ணெய் மீனு தாயி. காரலக் குடுங்க. கழிச்சுப் போடுற மீனுதான், சும்மாவே போடுறேன். பிள்ளை பெத்தவளுக்கே அதைத்தானே அவிச்சுக் குடுக்குறோம். உப்பு, உறைப்பு எதுவும் போடாம அவிச்சு, துணியில வடிகட்டுங்க. முள்ளு ஒண்ணு கூடப் போகக்கூடாது. அந்தத் தண்ணியில அரிசியக் கொழைய விட்டுக் கரைச்சுக் குடுங்க. ஒரேயடியா ஊத்தாம, கொஞ்சங் கொஞ்சமா."

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு முறை ஏற்பட்டது. எதையும் முதலில் குட்டிக்குக் கொடுப்பார். காலையில் கொடுத்தது அதன் வயிற்றில் தங்கினால், சாயங்காலம் எனக்கு. மோரைக் குட்டி முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆட்டுப்பால் பாதி தங்கியது, பாதி போனது. காரல் கஞ்சியைக் குடித்த அன்றுதான் அது முதல்முறையாகக் கக்காமல் தூங்கியது.

அதே கஞ்சி ஒரு குவளையில் பரணுக்கு வந்தது. நான் மீன் வாடையே ஆகாத வீட்டில் பிறந்தவன். குவளையை வாயருகே கொண்டுபோனதும் குமட்டியது. ஏணியில் நின்றபடி அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுல இதெல்லாம்…" என்று இழுத்தேன்.

"தம்பி, எங்க வீட்டுலயும் பரண்ல ஆம்பளையப் படுக்க வைக்கிற வழக்கமில்ல" என்றார்.

குடித்தேன். தங்கியது. கரண்டி கரண்டியாகத்தான் கொடுத்தார். பசி தாங்காமல் நான் இன்னும் கேட்டாலும் கொடுக்க மாட்டார். நான் வெளிக்குப் போன மண்சட்டியை அவரே எடுத்துப் போய்க் கழுவி வந்தார். அதற்காக நான் கூசியபோது, "குட்டிக்குச் செய்யல? அது கூச்சப்படுதா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

நான் கொஞ்சம் உட்கார முடிந்த நிலையில்தான் அந்த ஏட்டு வந்தார்.

முற்பகல் நேரம். காரல் கஞ்சி அடுக்களைத் தரையில் சட்டியோடு ஆறிக்கொண்டிருந்தது. குட்டிக்குக் காலையிலேயே ஒரு முறை ஊட்டியாகிவிட்டது. இப்போதெல்லாம் பகலிலும் எனக்குக் கொடுத்துவந்தார்; சட்டியில் இருந்தது எனக்கு. முன்னறையில் மரியம் மாமியும் இன்னும் சில பெண்களும் இருந்தார்கள். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் பெண்கள் திரைக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். ஏட்டு ஒரு கான்ஸ்டபிளை வாசலில் நிறுத்திவிட்டு நேரே அடுக்களைவரை வந்தார். பலகை இடுக்கில் அவருடைய தொப்பியின் உச்சி எனக்குத் தெரிந்தது.

"காதர் அக்காதானேம்மா நீ? அவன் கூட வந்தவன் எங்க?"

"யாரு கூட வந்தா? எனக்கென்ன தெரியும் ஏட்டையா. தம்பியப் புடிச்சு வச்சிருக்கீங்க, அவன்கிட்டக் கேளுங்க."

"அவன் வாயத் தொறக்கல. அதான் ஒன்கிட்ட வந்திருக்கேன். மீன்காரி தினம் ஒன் வீட்டுல காரல் போடுறாளாமே. ஒண்டிக்கட்டைக்கு எதுக்கு தினம் மீனு?"

"பூனைக்குட்டிக்கு. அதுக்கு வயிறு சரியில்ல. ஊருக்கே தெரியும், கேட்டுப் பாருங்க."

திரைக்குப் பின்னாலிருந்து மரியம் மாமியின் குரல் வந்தது: "ஆமாங்க, நாங்கதான் சொல்லிக் குடுத்தோம்."

ஏட்டு குனிந்து சட்டியைப் பார்த்தார். "இம்புட்டுமா? இதுல ஒரு ஆளு முழுகிப் போகலாம்போல இருக்கு. எங்க, தின்னச் சொல்லு, பாப்போம்" என்றார்.

எனக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்தது. பயத்தில் வந்ததா, நோயில் வந்ததா, தெரியாது. முனகல் வெளியே வந்துவிடாமல் இருக்க, கிடந்த வலைக்கயிற்றை எடுத்து வாயில் திணித்துக் கடித்துக்கொண்டேன். முதுகில் வியர்வை ஓடியது. அசைந்தால் பலகை சத்தம்போடும்.

அக்கா குட்டியைத் தூக்கிவந்து சட்டியருகே விட்டார். அது முகர்ந்தது. நாலு தரம் நக்கியது. பிறகு தலையைத் தூக்கி மீசையைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே போய் அடுப்படியில் படுத்துவிட்டது. வயிறு நிறைந்த குட்டி வேறென்ன செய்யும்? சட்டி அப்படியே நிறைந்திருந்தது.

"அம்புட்டுத்தானா?" என்றார் ஏட்டு. அவர் குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டது. ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. அதன்மேல் கையை வைத்தார். ஏணி அசைந்தது பரண் பலகையில் எனக்குத் தெரிந்தது. "மிச்சம் யாருக்கும்மா?"

திரைக்குப் பின்னால் ஒரு வளையல்கூட அசையவில்லை.

"எனக்கு" என்றார் அக்கா.

உட்கார்ந்து சட்டியை இரண்டு கையாலும் எடுத்தார். "ரேஷன்ல ஒரு ஆளுக்கு எம்புட்டு அரிசி போடுறாகன்னு ஏட்டையாவுக்குத் தெரியாதா? அதுக்குத் தனியா, எனக்குத் தனியா ஒல வைக்க எனக்கு வக்கில்ல. அது வாய் வச்ச மிச்சத்தத்தான் நான் குடிக்கிறேன். இத்தன பேருக்கு முன்னால இதச் சொல்ல வச்சுட்டீங்க. நின்னு பாத்துட்டே போங்க."

குடிக்கத் தொடங்கினார். உப்பில்லாத, ஆறிப்போன மீன் கஞ்சி. பூனை நக்கியது. அவர் சுத்தத்துக்குப் பெயர்போனவர். தைக்க உட்காரும்முன் கையைக் கழுவாமல் யாருடைய துணியையும் தொடமாட்டார். சட்டியைக் கீழே வைக்காமல், முகத்தைத் திருப்பாமல், குடித்துக்கொண்டே இருந்தார். திரைக்குப் பின்னால் மரியம் மாமி அழும் சத்தம் கேட்டது.

"சரி சரி, வைம்மா" என்றார் ஏட்டு. அக்கா வைக்கவில்லை. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, வெறும் சட்டியை அவர் பார்க்கும்படி சாய்த்துக் காட்டினார். ஏட்டு ஏணியிலிருந்து கையை எடுத்தார். கான்ஸ்டபிளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். பெண்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். யாரும் அக்காவிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

வெகுநேரம் கழித்து ஏணியில் ஏறி வந்தார். கையில் குவளை. அவருடைய மறுநாள் அரிசி அது. நான் அழுதுகொண்டிருந்தேன்.

"அழுதாச் சத்தம் வெளிய கேக்கும். குடிச்சுட்டு அழுங்க" என்றார்.

இன்னும் சில நாட்களில் காதரின் சிநேகிதன் ஒருவன், பொழுது சாய்ந்த வேளையில், என்னை ஒரு நாட்டுப்படகில் தொண்டிப் பக்கம் ஏற்றிப் போனான். பின்னால் வேறோர் ஊரில் பிடிபட்டேன், சிறையில் இருந்தேன், தடை நீங்கியபின் வெளியே வந்தேன். அதெல்லாம் இங்கே தேவையில்லை.

விடுதலையானபின், ஒரு பெருநாள் சமயத்தில், அவரைப் பார்க்கப் போனேன். இந்த முறை வாசல்வழியாகப் போனேன். தெருவில் விளையாடிய பிள்ளைகளிடம் சுலைகா பீவி வீடு எது என்று கேட்டேன். "பூனைக்கஞ்சியம்மா வீடா?" என்று கேட்டார்கள். எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபின் அவர்கள் காட்டிய வாசலுக்குப் போனேன். உள்ளே சாம்பல்நிறப் பூனை கொழுத்துப்போய் மிஷின்மேல் படுத்திருந்தது. பெருநாள் சமயத்தில் துணிகள் மலையாகக் குவிந்திருக்க வேண்டிய அறையில் கொஞ்சம் துணிதான் கிடந்தது. எனக்கு முன்பே விடுதலையாகி வந்திருந்த காதர்தான் சொன்னான்: பெரிய வீடுகளில் கல்யாணத் துணியை இப்போது அக்காவிடம் கொடுப்பதில்லை. பூனையின் எச்சிலைத் தின்ற கை என்று ஒரு பேச்சு கிளம்பி, அது அப்படியே நின்றுவிட்டது.

எனக்கு ரத்தம் கொதித்தது. "இப்பவே தெருவுல நின்னு சொல்லிட்டு வாரேன் அக்கா, அந்தக் கஞ்சி யாருக்குன்னு" என்று எழுந்தேன்.

"ஒக்காருங்க தம்பி. என்னன்னு சொல்லுவீங்க? ஒரு ஆம்பளையப் பரண்ல வச்சிருந்தான்னா? இந்தப் பேரே இருந்துட்டுப் போகட்டும். இதுல பசி மட்டுந்தான் இருக்கு. நீங்க குடுக்கப்போற பேருல வேற என்னென்னமோ இருக்கும்."

"எப்பத்தான் சொல்லட்டும்?"

"நான் மவுத்தாப் போனப்புறம் சொல்லிக்கங்க. அப்ப வந்து என்கிட்ட யாரும் வெளக்கம் கேக்க முடியாதுல்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நான் அதை வாக்காக எடுத்துக்கொண்டேன். பிறகு எத்தனையோ முறை போயிருக்கிறேன், ஒருமுறைகூட அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டிருந்தது. ஆண்கள் வெளியே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். காதருக்குத் தலை நரைத்துவிட்டது. அக்கா எனக்குச் சொல்லியிருந்ததை அவனிடம் சொல்லிவிட்டு, மரியம் மாமியைக் கூப்பிடச் சொன்னேன். முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கதவருகே வந்து நின்றார். நான் யாரென்று சொன்னேன். பரணைச் சொன்னேன், கஞ்சியைச் சொன்னேன்.

அவர் நெகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டார்.

"அன்னிலேருந்து ஒவ்வொரு நோம்புக்கும் அவளுக்கு அரிசி குடுத்தனுப்புனேன். பாவம், பூனை மிச்சத்தக் குடிச்சவளாச்சேன்னு குடுத்தனுப்புனேன். அவளும் ஒரு வார்த்தை பேசாம வாங்கிக்கிட்டா. அடுத்த வீட்டுல இருந்தேனே! என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்ன ஏட்டுகிட்டப் போயா சொல்லியிருப்பேன்?"

காதர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமி உள்ளே போனார். பிறகு அவர் குரல் கேட்டது. "கேளுங்கடி, இந்தக் கதைய" என்று கூடியிருந்த பெண்களிடம் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். இடையிடையே குரல் உடைந்தது. மறுபடி தொடங்கினார். உள்ளே யாரும் சிரிக்கவில்லை. சொல்லி முடித்தபோது, வெளியே பாயில் இருந்த ஆண்களும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ஆகவே, இந்த ஊருக்கு இதை முதலில் சொன்னது நானல்ல, மரியம் மாமிதான். நான் எழுதி வைக்கிறேன், அவ்வளவே.

அக்காவைத் தியாகி என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடித்திருக்காது. பயந்தவரில்லை என்று சொல்வதும் பொய். ஏட்டு போனபின் அவர் கொல்லையில் குந்தி, வெகுநேரம் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பரணின் ஓட்டு இடுக்கு வழியே நான் கண்டேன். சொல்ல முடிந்தது ஒன்றுதான். அந்த வீட்டில் கிடந்த நாட்களில் அவர் என் பெயரைக் கேட்கவே இல்லை. ஒருநாள் நானாகச் சொல்ல வாயெடுத்தேன். "வேணாம். தெரியாததை அடிச்சுக் கேட்டாலும் சொல்ல முடியாதுல்ல" என்று தடுத்துவிட்டார். சிறையிலிருந்து வந்தபின் பெயரைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், "நல்ல பேரு" என்றார், கடைசிவரை அதைச் சொல்லி ஒருநாளும் கூப்பிடவில்லை. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. என்னைத் தம்பி என்று அழைத்தவர் அவர் ஒருவர்தான். அந்தச் சொல்லை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு கோட்டைப்பட்டினத்திலிருந்து பஸ் ஏறினேன்.